எங்களை வாங்கிய நால்வர்

வீட்டை வாங்கலாம், கடையை வாங்கலாம். பன்னிரண்டு மனிதர்களை எப்படி வாங்குவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் எங்களை வாங்கினார்கள். வாங்கியவர்கள் நான்கு பேர். அந்த நால்வரையும் தெரியாத தமிழர் கனடாவின் இந்த ஸ்காபரோவில் இல்லை.

ஒருவர் வீடு விற்கும் முகவர். பஸ் நிறுத்தத்து இருக்கைகளில் எல்லாம் அவருடைய முகம்தான். வேலைக்குப் போகிற பஸ்ஸுக்காக நான் நாலு வருடமாக அந்த முகத்தின் மேல் சாய்ந்துதான் காத்திருக்கிறேன். இரண்டாமவர் வானொலி அறிவிப்பாளர். மூன்றாமவர் கலியாண மண்டபம் வைத்திருப்பவர். நாலாமவர் வீடு வாங்க மோர்ட்கேஜ் கடன் எடுத்துக் கொடுப்பவர். எந்தக் கலைவிழாவிலும் முதல் வரிசையில் இருப்பார். நகரத்தின் பெரிய பேஸ்போல் அணி வென்றுகொண்டு வந்த காலத்தில் ஊர் முழுவதும் நீலத் தொப்பி போட்டது. இவர்களும் போட்டார்கள். மைதானத்தில் எடுத்த படங்களைப் போட்டு, தாங்கள் பிறந்ததிலிருந்தே பேஸ்போல் ரசிகர்கள் என்று சொன்னார்கள். அமெரிக்காவில் நடிகர்கள் சிலர் காசைச் சேர்த்துப் பேஸ்போல் அணி ஒன்றை வாங்கியதாக அறிவிப்பாளர் எங்கோ வாசித்திருக்கிறார். நாங்களும் வாங்கினால் என்ன என்று வானொலியிலேயே கேட்டார். பெரிய அணியை வாங்க முடியாது. ஆகவே எங்களை வாங்கினார்கள்.

நாங்கள் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிறவர்கள். வோபர்னில் ஒரு பூங்காவின் மைதானத்தில் ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஆடுவோம். வேறு தொழிற்சாலைகள், சாமான் அடுக்கும் கிட்டங்கிகள், கடைகள் எல்லாவற்றிலிருந்தும் அணிகள் சேர்ந்த சின்ன லீக் அது. ஊரில் எல்லே என்ற பந்தடி விளையாட்டு ஆடிய கைகள் என்பதால் தடியும் பந்தும் எங்களுக்குப் புதிதில்லை. நான்தான் பந்து எறிகிறவன். எல்லேயில் அடிக்கிறவனுக்கு அவனுடைய கட்சிக்காரனே பந்து போட்டுக் கொடுப்பான். அந்தப் பழக்கத்தில் முதல் மாதம் நான் எதிரணிக்கு அடிக்க வசதியாகவே எறிந்துகொண்டிருந்தேன். எங்கள் கப்டன் மண்மேட்டுக்கு ஓடிவந்து, "தம்பி, உவன் எங்கட ஆள் இல்லையடா" என்று கத்துவார். பிறகு பழகிக்கொண்டேன்.

நான் அதிகம் கதைக்காதவன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கவில்லை, போரில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் இருந்தார்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் என்னிடம் ஏதாவது கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன். மைதானத்தின் நடுவில், எறிகிறவன் நிற்பதற்கென்று இருக்கிற அந்தச் சிறிய மண்மேட்டில் ஏறினால் மட்டும் அந்தக் கூச்சம் இருக்காது. எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஆனால் யாரும் என்னிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

விற்பனை கலியாண மண்டபத்தில் நடந்தது. றோல்ஸும் தேநீரும் தந்தார்கள். லீக்கில் அணியின் பதிவும் மைதானத்தில் ஆட அனுமதிக்கும் பேர்மிற்றும் கப்டனின் பெயரில்தான் இருந்தன. கப்டன் எங்கள் பகுதிக்கு மேற்பார்வையாளர், என்னைவிட மூத்தவர், நல்ல மனிதர். யாராவது தோளில் கை போட்டு "அண்ணை" என்றால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இனி எல்லாச் செலவும் அவர்களுடையது, ஆட்டம் மட்டும் எங்களுடையது என்றார்கள். ஆங்கிலத்தில் ஒரு தாள் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அதை நினைக்கும்போது அவர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலும் வருகிறது.

புதுச் சட்டைகள் வந்தன. முதுகில் எங்கள் இலக்கம் இருந்த இடத்தில் அவர்கள் நால்வரின் முகங்கள். நான் அவற்றைச் சுமந்துகொண்டு பந்து எறிய வேண்டும். அதையும் பொறுத்தேன். சட்டைதானே.

முதல் ஞாயிறு தொடக்க விழா. நாங்கள் ஒன்பதரைக்கே போய்விட்டோம். எதிரணி வாகன ரயர் கிட்டங்கி ஒன்றில் வேலை செய்கிறவர்கள், அவர்களும் வந்துவிட்டார்கள். மைதானத்தில் கம்பளம் விரித்து, கதிரைகள் அடுக்கி, ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு மங்கள விளக்கு. பிறகு கனடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, போரில் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. அந்த ஒரு நிமிடத்தை நான் குறை சொல்லமாட்டேன். என் சொந்தத் தமையனும் அதில் இருக்கிறான். ஆனால் அதற்குப் பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஒவ்வொரு உரைக்கும் ஒரு பொன்னாடை. நால்வரும் ஒருவருக்கொருவர் போர்த்தினார்கள். போர்த்தியவருக்கு வேறொருவர் போர்த்தினார்.

இங்கே லீக்கில் ஒரு விதி இருக்கிறது. குறித்த நேரத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் ஓர் அணி ஆட்டத்தைத் தொடங்காவிட்டால் அது ஆடாமலே தோற்றதாகிவிடும். நடுவர் வயதான வெள்ளைக்காரர். மணிக்கூட்டைக் காட்டிக் காட்டிக் கப்டனிடம் வந்தார். கப்டன் ஐந்து விரலையும் விரித்து, அஞ்சு நிமிடம், அஞ்சு நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தேகாலுக்கு நடுவர் தன் தாளில் ஏதோ எழுதினார். ரயர்க்காரர்கள் எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள். பதினொன்றேகாலுக்கு அறிவிப்பாளர், "இதோ, வரலாற்றுச் சிறப்புமிக்க ஆட்டம் ஆரம்பமாகிறது" என்று முழங்கினார். எதிரில் ஒருவரும் இல்லை. அந்த வாரம் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையில் நால்வரின் படம் வந்தது. அணி வெற்றிகரமாகக் களம் இறங்கியதாம்.

ஆட்டத்துக்கு அடுத்த நாளே லீக்கிலிருந்து கப்டனுக்குக் கடிதம் வந்தது. ஒரு பருவத்தில் இரண்டு முறை இப்படி நடந்தால் அணியை நீக்கிவிடுவார்கள். இடத்துக்காகக் காத்திருக்கும் வேறு அணி உள்ளே வரும். கப்டன் இதை இடைவேளையில் என்னிடம் சொன்னார். கிழமையில் ஆறு நாளும் பாண் பொதி கட்டுகிற எங்களுக்கு இருந்தது அந்த இரண்டு மணித்தியாலம்தான்.

கடிதத்தை உரிமையாளர்களிடம் காட்டினாரா என்று கேட்டேன். காட்டினாராம். அவர்கள் கூடிக் கதைத்துப் பிழையைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

"நடுவரை நாங்கள் கவனிக்கேல்லையாம்" என்றார் கப்டன். "அந்தாள் மனம் நொந்துபோச்சுதாம். அடுத்தமுறை அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினால் சரிவருமாம்."

நான் சிரித்தேன். கப்டன் சிரிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து அடுத்த ஆட்டம். இந்த முறை சென்னையிலிருந்து வந்திருந்த சினிமாப் பாடகர் ஒருவர் பிரதம விருந்தினர். சனம் கூடியிருந்தது. விளக்கை எங்கே வைத்தால் எல்லோருக்கும் தெரியும் என்று யோசித்திருக்கிறார்கள் போலும். மைதானத்தில் உயரமான இடம் ஒன்றுதான். ஆள் உயரக் குத்துவிளக்கு ஒன்றை, நான் நின்று எறிகிற மண்மேட்டின் மேல் கம்பளம் விரித்து வைத்திருந்தார்கள். ஐந்து திரி. நால்வரும் ஆளுக்கொரு திரி ஏற்றினார்கள். ஐந்தாவது பாடகருக்கு. பாடகர் வரவில்லை. புறப்பட்டுவிட்டார் என்றார்கள், 401 நெடுஞ்சாலையில் வாகன நெரிசல் என்றார்கள், இதோ இறங்கிவிட்டார் என்றார்கள்.

நடுவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் குழம்பிப்போய் நன்றி சொன்னார். சரிகைக் கரை பளபளக்க, அதைப் போர்த்தபடியே மணிக்கூட்டைப் பார்த்தார்.

பத்து மணி எட்டு நிமிடம். அறிவிப்பாளர் பாடகரின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணி பத்து. கப்டன் மண்டபக்காரரின் காதில் ஏதோ சொன்னார். அவர் கப்டனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தத்தம் இடத்தில் நின்றார்கள். எதிரணியின் முதல் ஆள் தடியோடு தயாராக நின்றான். ஆட எல்லோரும் இருந்தோம். எறிகிற இடம் மட்டும் இல்லை.

நான் நடந்து போனேன். யோசித்துச் செய்யவில்லை என்று சிலர் சொன்னார்கள். அது பிழை. கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் போனேன், எண்ணெய் வழுக்கக்கூடாது என்று. சப்பாத்தையும் கம்பளத்துக்கு வெளியே கழற்றினேன். விளக்கின் நடுத்தண்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.

ஒலிவாங்கியில் அறிவிப்பாளரின் குரல் நின்றது. பிறகு, "தம்பி, தம்பி, விளக்கிலை கை வையாதேங்கோ" என்றார். அவ்வளவு சனமும் என்னைப் பார்த்தது.

"பத்து மணி பன்னிரண்டு ஆச்சுது அண்ணை" என்றேன். அவர் பக்கத்தில் நின்றதால் அது ஒலிபெருக்கியில் கேட்டது. என் குரலை அவ்வளவு பெரிதாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

விளக்கைக் கொண்டுபோய் வேலியோரம் காற்றுப்படாத இடத்தில் வைத்தேன். கொண்டுபோகும்போது ஒரு திரி அணைந்தது. அது வீட்டு முகவர் ஏற்றியது. மற்ற மூன்றும் எரிந்தன. திரும்பி வந்து, கம்பளத்தைச் சுருட்டித் தள்ளிவிட்டு, சப்பாத்தைப் போட்டேன். பந்து பிடிக்கிறவர் அதற்குள் தன் இடத்தில் குந்திவிட்டார். எறிந்தேன். நடுவர் கையைத் தூக்கி முதல் பந்தைக் கூவினார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. அவர் அதை மடித்து, மரியாதையாக இருக்கையில் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு ஓட்டத்தால் வென்றோம். பதினொன்றரைக்குப் பாடகர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். லீக்கில் எங்கள் இடம் தப்பியது.

திங்கள் பின்னேரம் வானொலியில் நேயர்கள் கதைக்கும் நிகழ்ச்சி. மனைவி சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் நேயர் விளக்கை ஒருவன் அணைத்தான் என்றார். இரண்டாமவர் தள்ளி விழுத்தினான் என்றார். மூன்றாவதாக வந்த பெண், காலால் உதைத்தானாம், கேள்விப்பட்டேன் என்றார். அறிவிப்பாளர் தானே பக்கத்தில் நின்று பார்த்தவர். அவர் உதைக்கவில்லை என்று சொல்லவில்லை. "எங்கட சனத்திலை சிலருக்கு இன்னும் பண்பாடு வரேல்லை" என்றார்.

மனைவி வானொலியை நிறுத்தினாள். "நீங்கள் ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோவன்" என்றாள்.

வானொலிக்குத் தொலைபேசி எடுத்தேன். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கும்போது தொலைபேசியில் வீட்டு முகவரின் விளம்பரம் போனது. அது முடிந்து மோர்ட்கேஜ்காரரின் விளம்பரம் தொடங்கியது. நான் என்ன சொல்வது என்று மனதில் அடுக்கி வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை இடைவேளையில் கப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் தன் கைத்தொலைபேசியை நீட்டினார். அதில் ஒரு மன்னிப்புக் கடிதம். உரிமையாளர்கள் எழுதித் தந்திருந்தார்கள். நான் அதைச் சனிக்கிழமை வானொலியில் வாசித்தால் ஞாயிறு வழமைபோல் எறியலாம். வாசிக்காவிட்டால் மோர்ட்கேஜ்காரரின் மருமகன் எறிவான்.

நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். கப்டன் பொறுத்துக்கொண்டு நின்றார். பெரும் சபைக்கு முன் என்று தொடங்கியது. மூன்றாவது வரியில், "போதிய கல்வியறிவு இல்லாத காரணத்தால் அறியாமல் செய்த தவறு" என்று இருந்தது. அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.

"இதை ஆர் எழுதினது?"

"ஆர் எழுதினால் என்ன தம்பி? ரெண்டு நிமிச வேலை. வாசிச்சுப்போட்டு வா. கண்ணை மூடிக்கொண்டு வாசி."

"நான் அறியாமல் செய்யேல்லை அண்ணை. அறிஞ்சுதான் செய்தனான்."

"எனக்குத் தெரியும்."

"அஞ்சாம் வகுப்பு படிச்சவனுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியும். உவைக்குத்தான் தெரியேல்லை. அதை வேணுமெண்டால் வானொலியிலை வாசிக்கிறன்."

கப்டன் கைத்தொலைபேசியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். நான் இவ்வளவு கதைத்து அவர் கேட்டதில்லை. "அப்ப ஞாயிற்றுக்கிழமை?" என்றார்.

"பத்து மணிக்குத் தொடங்கச் சொல்லுங்கோ" என்றேன்.

மணி அடித்தது. இருவரும் பொதி கட்டப் போனோம்.

அந்த ஞாயிறு நான் பூங்காவுக்குப் போகவில்லை. பந்து பிடிக்கிறவர் தொலைபேசியில் சொன்னார். விளக்கை வேலிக்கு வெளியே வைத்து ஒன்பதரைக்கே ஏற்றினார்களாம். உரை ஒன்றுதானாம். அறிவிப்பாளர் நடுவில் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். சரியாகப் பத்து மணிக்கு மருமகன் முதல் பந்தை எறிந்தான். அடி அடி என்று அடித்து நொறுக்கினார்களாம். ஒன்பது ஓட்டத்தால் தோல்வி.

தோற்றார்கள்தான். ஆனால் ஆடித் தோற்றார்கள்.