‘K7C வந்துச்சாணா?’ என்று கேட்ட தயாளன்

தயா போய்விட்டான்.

முந்தாநாள் விடியற்காலை, கும்மிடிப்பூண்டியில் அவன் வீட்டிலேயே. நேற்று சாயந்தரம் அடக்கம். நுரையீரல்... எட்டு மாதமாக ஆக்சிஜன் மெஷினோடுதான் கிடந்தான். நாற்பத்திரண்டு வயசு, சாகிற வயசா இது?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தயாளன், சிப்காட்டில் எங்கள் ரோலிங் மில் கிரேன் ஆபரேட்டர். நான் கீழே டிஸ்பேட்ச். பதினோரு வருஷம் ஒரே ஷிப்ட்.

மேலே கேபினில் உட்கார்ந்தபடியே, கீழே இரும்பு பில்லட் மேல் பெயிண்டில் எழுதிய நம்பரைப் படித்துவிடுவான். பக்கத்தில் நின்று குனிந்து பார்க்கிற எனக்கு அது 3-ஆ 8-ஆ என்று தெரியாது. அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு வீக்லி ஆஃபில் என்ன செய்தான் தெரியுமா? பழவேற்காடு போய் கடல்காக்காய்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவன்தான்.

இமயமலைக்கு அந்தப் பக்கம் ஏரிகளில் குஞ்சு பொரிக்கிற பறவைகள் இவை. அங்கே சிலதைப் பிடித்து, காலில் கலர் வளையம் மாட்டி, அதில் எழுத்தும் நம்பரும் போட்டு விடுகிறார்கள். குளிர்காலத்தில் இங்கே வரும்போது யாராவது படித்து அனுப்பினால், அது உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ‘யாராவது’தான் எங்கள் தயா.

முதல் தடவை என்னைக் கூட்டிப்போன அன்று கேட்டேன்: “பழுப்புத் தலைக் கடற்காகம்னு சொன்ன... எல்லாத்துக்கும் தலை வெள்ளையா கீதேடா?”

விழுந்து விழுந்து சிரித்தான். “குளிர்ல வெள்ளைதாண்ணா. காது கிட்ட ஒரு கருப்புப் புள்ளி மட்டும் இருக்கும். மார்ச்சுல ஊருக்குக் கெளம்பச் சொல்லோதான் தலைக்கு டை அடிச்சிக்கும்.”

இந்தப் பறவைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம்... ஒற்றைக் காலில் நிற்கும். வளையம் இருக்கிற காலைத்தான் சரியாக வயிற்றுக்குள் மடக்கி வைத்திருக்கும். ஒருநாள் மீன் இறக்குகிற இடத்தில், கொளுத்துகிற வெயிலில், இரண்டு மணி நேரம் கேமராவோடு ஒரே பறவை முன்னால் உட்கார்ந்திருந்தான். “கால எறக்குடா ராஜா... மத்தியான ஷிப்டுக்குப் போணும்டா” என்று அதனிடம் கெஞ்சல் வேறு. மீன் அலசுகிற அம்மாக்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை எனக்கு இரண்டு எழுத்து தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது சேறு பட்டு மங்கல். C-யாகத்தான் இருக்கும், எழுதிக்கோ என்றேன். பதினோரு வருஷத்தில் அவன் என்மேல் கோபப்பட்டது அன்று ஒருநாள்தான்.

“பாக்காதத எழுதக் கூடாதுணா. நீ பாட்டுக்கு ஒண்ணு சொல்லிடுவ... செத்துப்போனது உயிரோட கீதுன்னு எழுதிக்குவாங்க.”

பச்சை வளையம், K7C. அதுதான் அவன் செல்லம். ஐந்து வருஷமாக, கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே வந்து அதே படகுக் கம்பத்தில் உட்காரும். அவன் நோட்டில் அதற்கு மட்டும் தனிப் பக்கம்.

இந்த வருஷம் அவனால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. வீக்லி ஆஃபில் நான் போனேன். தீபம் வந்து போனது... K7C வரவில்லை. ஒவ்வொரு வாரமும் போன். மூச்சு வாங்கிக்கொண்டே அதே கேள்வி. “வந்துச்சாணா?”

மூன்று வாரம் இல்லை என்று சொன்னேன். நான்காவது வாரம், டிசம்பரில், வாய் வரவில்லை. போன மார்ச்சில் அவன் எடுத்த K7C போட்டோ என் போனில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அளந்துவிட்டேன்.

“வந்துட்டான்டா தயா! அதே கம்பம். தலை நல்லா சாக்லேட் கலர்ல சும்மா ஜம்முனு கீறான். கால எறக்கிக் காட்டினான்டா, தெளிவாப் படிச்சேன்.”

மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் வந்தது.

“சரிணா... வெயில்ல நிக்காத. ஊட்டுக்குப் போ.”

அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. நிம்மதியாகிவிட்டான் என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன். மடையன்.

நேற்று எல்லாரும் கிளம்பினதும், அவன் மனைவி சுமதி அந்த நோட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “நீயே வச்சிக்கணா. எனக்கு இதுல இன்னா தெரியும்?”

K7C பக்கத்தைத் திறந்தேன். இந்தக் குளிர்காலத்துக்கு நான்கு வரிகள். முதல் மூன்றிலும் தேதி, ‘வரவில்லை’. நான்காவது வரியில் கையெழுத்து கோணலாக இருந்தது.

‘அண்ணன் போன் செய்தார். தலை பழுப்பு என்றார். வரவில்லை.’

டிசம்பரில் பழுப்புத் தலை... எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு போனிலேயே தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குக் கீழே அவன் எதுவும் எழுதவில்லை.

இன்று காலை பழவேற்காடு போனேன். படகுக் கம்பங்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒற்றைக் காலில் நின்றதெல்லாம் காலை இறக்குகிறவரை நானும் நின்றேன். எல்லாம் வெள்ளைத் தலை. எதன் காலிலும் வளையம் இல்லை.

போய் வாடா தயா.

K7C வரவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.