ஜெயசீலனின் விரல்

வளைகுடாவில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் காலை டூட்டி பஸ் வருவதற்குள் பொன்னுச்சாமி செய்கிற முதல் வேலை, ஜெயசீலனின் விரலைப் பிடிப்பது. அதே ரூமில் மேல் கட்டிலில் படுப்பவன் ஜெயசீலன். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவன். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தால், சர்க்கரை அளவு தானாகவே பொன்னுச்சாமியின் மொபைலில் ஏறிக் கிளினிக்குக்குப் போய்விடும். அதைப் பார்த்து, எத்தனை யூனிட் இன்சுலின் போடவேண்டும் என்று இலங்கைக்கார நர்ஸ் கஜந்தி எழுதி அனுப்புவாள்.

சர்க்கரை நோய் பொன்னுச்சாமிக்கு.

"தப்பில்லையாண்ணே?" என்று முதல் நாளே கேட்டான் ஜெயசீலன்.

"அளவு கூடுனது கம்பெனிக்குத் தெரிஞ்சா, அன்ஃபிட்டுனு எழுதி ஊருக்கு ஏத்தி விட்ருவான்டா. பொண்ணு படிப்பு முடியட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்பான். "நல்லா இருக்கு அண்ணை, ரெண்டு யூனிட் குறையுங்கோ" என்று கஜந்தி எழுதினால் அப்படியே குறைத்தான். இருபத்தாறு இருபதாகி, பன்னிரண்டாகியது. படித்த பிள்ளை சொல்வதை மீறலாமா? ஜெயசீலனின் ரத்தத்துக்குச் சொன்ன அளவைத் தன் வயிற்றில் குத்திக்கொண்டான். கட்டட சைட்டில் எவ்வளவு தண்ணீர் குடித்தும் நாக்கு வறண்டது; வெயில் என்றான். ஊசி குறையக் குறைய நோயும் குறைகிறது என்று பாவி மனுஷன் தானே நம்பிவிட்டான். பொய்யைக்கூட மன்னிக்கலாம், இந்த நம்பிக்கையைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகஸ்டில் ஒரு கம்பி பூட்ஸைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. மரத்துப்போன காலில் வலியே தெரியவில்லை. நாற்றம் பொறுக்காமல் ஜெயசீலன்தான் நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜெயசீலன் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டுக் கஜந்தி வந்தாள்.

"ஏன் அண்ணை பொய் சொன்னீங்கள்? உங்கட நம்பரைப் பார்த்துத்தானே நான் குறைச்சனான்!"

"கம்பெனிக்குத் தெரிஞ்சா அனுப்பிருவாங்களேன்னுதான், தாயி."

"கம்பனிக்கோ?" கஜந்தி அவனையே பார்த்தாள். "அது எனக்கும் டொக்டருக்கும் மட்டும்தான் வரும், அண்ணை. வேற ஒருத்தருக்கும் போறதில்லை."

பொன்னுச்சாமி கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை.

"அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா, தாயி?" என்று கேட்டுவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்க அழுதான்.