சிவப்பு டேக் கட்டிய வேப்பங்கட்டை

ஒரகடத்தில் உடைந்த பேலட்டுகளைப் பிரித்து ஆணி பிடுங்குகிற வேலை எனக்கு. பேலட் என்றால் கம்பெனிச் சரக்கை அடுக்குகிற மரத்தட்டு. மழை விட்ட ஒரு காலையில், யார்டு ஓரம் மட்கிக் கிடந்த வேப்பங்கட்டையில் மஞ்சள் அரைத்து அப்பியது போல ஏதோ படர்ந்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம், ஊறிப்போன கட்டைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அப்போது குன்றத்தூர் பக்கம் குடியிருந்தோம். வெள்ளம் எங்கள் கதவைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த தெருக்காரர் அதைத் தன் மாட்டுக் கொட்டகைக்கு மாட்டிக்கொண்டார். அது வேறு கதை.

தண்டலம் பக்கத்துக் கல்லூரி டீச்சர் ஒருவர், செத்த மரத்தில் முளைப்பதையெல்லாம் பார்க்க எங்கள் யார்டுக்கு வருவார். அன்றும் வந்தவர், கட்டையைக் கண்டதும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாமா, பூசணத்தப் போயி இப்டி பாக்கறீங்க?”

“பூசணம் இல்லய்யா. இது வேற ஒரு உயிரு, மெதுவா நகரும்.”

“நகருமா? காலு எங்க கீது?”

டீச்சர் சிரித்தார். “வழவழன்னு இருக்கறப்ப இது எந்த வகைன்னு உறுதியா சொல்ல முடியாது. காஞ்சு, ஓடு கட்டி, உள்ள பொடியாகணும். காலேஜ்ல கெடச்சத தோட்டக்காரர் கழுவி வுட்டுட்டாரு. இதையாவது நாளைக்கு வரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கறீங்களா?”

“நான் கீறேன்மா. நிம்மதியா போய்ட்டு வாங்க.”

கம்பெனியில் தொடக்கூடாத பொருளுக்கு ஒரு டேக் கட்டுவார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, நிறம் தெரியும். சிக்னலில் சிவப்பு என்றால் நிற்க வேண்டும். ஆபீஸ் வாசலில் தொங்கிய கொத்திலிருந்து சிவப்பாக ஒன்றை எடுத்துக் கட்டினேன்.

மறுநாள் கட்டையைக் காணோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் திருநெல்வேலிக்காரரிடம் ஓடினேன்.

“செவப்பு டேக்க கட்டுனது நீங்கதானா? செவப்புன்னா ஸ்கிராப்பு, பெரியவரே! மஞ்சதான் தொடக்கூடாது. நேத்தே தூக்கிப் போட்டுட்டேம்லா.”

“அய்யய்யோ! டீச்சர் வந்துகினு கீறாங்களே!”

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்கிராப் குவியலில் ஏறித் தேடினேன். கட்டை கிடைத்தது. ஒரு பக்கம் இரும்பு உரசி வழித்துக்கொண்டு போயிருந்தது. மறுபக்கம் மஞ்சள் போய், சட்டி விளிம்பில் காய்ந்த மாவு போல வெளுத்த ஓடு.

டீச்சர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் குவியலில் ஏறி, அந்த வெளுத்த ஓட்டில் ஊசியால் குத்தினார். கருப்பாகப் பொடி கொட்டியது. லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். அது என் வாயில் நுழையவில்லை.

“அதேதான்யா! இவ்ளோ போதும்.”

தீப்பெட்டியில் பொடியை அள்ளிக்கொண்டு, கிடைத்த இடத்தைச் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

“ஸ்கிராப்புன்னு எழுதிடாதீங்கமா.”

“யார்டு ஓரம், மட்கின வேப்பங்கட்டை. சரியா?”

“ஸ்கிராப்ப அள்ள லாரி வந்துட்டு, எறங்குங்க!” என்று கீழேயிருந்து திருநெல்வேலிக்காரர் கத்தினார். டீச்சர் எழுதி முடிக்கும்வரை நான் கட்டையை விட்டு நகரவில்லை.