தவக்காலத்துத் தக்காளி

மொட்டைமாடியில் எதை வளர்த்தாலும் துறைமுகப் பக்கத்துக் கரித்தூள் இலைமேல் படிந்துவிடும். அதனால் ஹாலுக்குள்ளேயே தக்காளி வளர்த்துக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சவால் விட்டேன். ஜன்னலோரத்தில் அவள் தையல் மெஷின் இருந்த இடம் எனக்குக் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். பழம்கூட வேண்டாம், ஈஸ்டருக்குள் ஒரு காய் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் திரும்பி வரும், செடி மாடிக்குப் போகும்.

வெயில் எட்டிப் பார்க்காத ஜன்னல். ஆகவே விளக்கு. செடி விளக்குகளைப் பற்றிப் படித்ததை வேறு எதற்காவது படித்திருந்தால் இந்நேரம் டாக்டர் பட்டம் வாங்கியிருப்பேன். சிவப்பும் நீலமும் கலந்தால் போதும் என்றார் ஒருவர். வெள்ளைதான் சரி என்று அவரைத் திட்டினார் இன்னொருவர். இவ்வளவும் படித்தவன் செய்யக்கூடாத காரியத்தைக் கடைசியில் செய்தேன். டப்பாவில் ஆயிரம் வாட் என்று போட்டிருந்த ஊதா விளக்கை ஆன்லைனில் வாங்கினேன்.

செடி பூத்தது. பூ ஒவ்வொன்றாக உதிர்ந்தது. விளக்கைக் கழற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டை எலக்ட்ரிக் கடை பாயிடம் போனேன். மீட்டரில் மாட்டிப் பார்த்தார்.

"நைனா, டப்பாவுல ஆயிரம் போட்டுகீறான். மீட்டரு இருபத தாண்ட மாட்டேங்குது. இதுக்குத் தக்காளி இன்னா, கொசுகூட கிட்ட வராது."

நூறு வாட் வெள்ளை விளக்கு ஒன்றை மீட்டரில் போட்டுக் காட்டியே கொடுத்தார். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வர இன்னும் மூன்று வாரம். நம்பிக்கையோடு வீடு வந்தால், வாசலில் கீழ்வீட்டு அக்கா.

"தம்பி, தவக்காலத்துக்கு கோயில் பீடத்துலதான் ஊதாத் துணி போடுவாங்க. நீ வூட்டையே ஊதாவாக்கிட்டியே! தெருவே பாத்துகினு கீது. கண்ணாலம், சாவுன்னா மட்டும் கோயிலுக்கு வர்ற ஆளு, உனக்குப் போய் ஆண்டவரு இப்டி ஒரு மனசு குடுத்துகீறாரே."

தக்காளிக்குத்தான் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி பார்த்த பார்வையில் அது தானாக மூடிக்கொண்டது. அக்கா போனதும் தீர்ப்பு வந்தது.

"இத்தினி வருசத்துல உங்களால எனக்குக் கெடச்ச மொத மரியாத. ஈஸ்டர் வரைக்கும் ஊதாதான் எரியணும்."

"அப்போ காய்?"

"அதுவும் ஈஸ்டர் வரைக்கும்தான்."

"பகல்ல மட்டும் வெள்ளை போட்டுக்கறேனே?"

"இன்னாது, அர நாள் விரதமா?"

சாயங்காலங்களில் தெருவில் போகிற ஓரிருவர் என் ஜன்னலைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உள்ளே செடி ஒட்டடைக்கம்பு மாதிரி நீண்டுகொண்டே போனது. வெள்ளை விளக்கு பரண்மேல் டப்பாவுக்குள் தூங்கியது.

ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் வெள்ளை விளக்கை மாட்டினேன். ஹால் பளீரென்றது. செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். காய் இல்லை, பூவும் இல்லை. இல்லாததெல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

செடியை மாடியில் கரித்தூளிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினேன். அதற்குள் மெஷின் ஜன்னலோரம் வந்திருந்தது. மனைவி விளக்குக்கு நேராக ஊசியைப் பிடித்து, முதல் தடவையிலேயே நூல் கோர்த்தாள்.

"லைட்டு நல்லா கீதுங்க. இது இங்கியே இருக்கட்டும்."