ஸ்டாமெனா தனக்கே ஒட்டிக்கொண்ட தாள்

கமென்பிரோட் ஊரில் ஸ்டாமெனாவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அந்த ஊரைப் பிடிக்காது. ஆனாலும் வாராவாரம் நான்கு பக்கத்தில் அதற்கொரு பத்திரிகை நடத்தினாள். நகரசபைத் தலைவரின் மைத்துனனுக்குச் சாலை ஒப்பந்தம் போன கதையை எழுதினாள். அவள் காரின் டயரைக் கிழித்தார்கள். ஆற்றில் கொட்டும் கழிவைப் பற்றி எழுதினாள். கறிக்கடைக்காரன் அவளுக்கு எலும்பாகப் பார்த்து நிறுத்தான். ‘வெளிநாட்டுக் கூலி’ என்று பட்டம் வேறு. கூலி வாங்குகிறவள் ஏன் ஒரே கோட்டை ஒட்டுப்போட்டு மாட்டிக்கொண்டு அலைகிறாள்? அதை ஒரு மடையனும் கேட்கவில்லை. கூடப்பிறந்த தம்பி ராடோயேகூட, நகரசபையில் வேலை பார்ப்பதால், அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல். வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊரெல்லாம் கம்பத்திலும் மரத்திலும் கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. செர்பியாவில் யார் செத்தாலும் அப்படித்தான் ஒட்டுவார்கள். படம், பெயர், கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர். இந்தத் தடவை படத்தில் இருந்தவர் மாட்டு டாக்டர் விட்டோமிர். தலைவரை எதிர்த்து நிற்கும் ஒரே ஆள். பித்தப்பை ஆபரேஷனுக்காக நகரத்துக்குப் போயிருந்தார். தலைவரின் இணையப் பக்கம் உடனே கண்ணீர் வடித்தது. செத்தவருக்குப் போடும் ஓட்டு செல்லாது என்றும் கூடவே சொல்லிவைத்தது.

ஸ்டாமெனா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

“நான் செத்துட்டேனாமே? நர்ஸைக் கேட்டேன், இன்னும் இல்லைன்னாங்க,” என்றார் விட்டோமிர். “சிரிக்க வைக்காதேம்மா, தையல் வலிக்குது. எழுந்து வரவும் முடியாது. நீதான் ஏதாவது பண்ணணும்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பச் சொல்லி, அச்சடித்து, சந்தையில் கொடுத்தாள். மிளகாய் விற்கும் போஷானா அதை வாங்கி அவள் முன்னாலேயே கிழித்தாள்.

“சாவை வெச்சு ஓட்டு கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“அவர் உயிரோட இருக்காரு! இந்தா, போன்ல நீயே பேசு!”

“போன்ல யார் குரலை வேணா பேச வைப்பாங்களாம். தலைவர் பக்கத்துல போட்டிருக்கு. அந்தா, மரத்துல ஒட்டியிருக்கே, அதுல போய் யாராவது பொய் சொல்லுவாங்களா?”

அட முட்டாள் ஜென்மங்களா! அந்தத் தாள்களை ஸ்டாமெனாவே கிழித்தெறிந்திருப்பாள். ஆனால் இறந்தவர் தாளைக் கிழித்தவளை ஊர் உயிரோடு விடாது. மழைதான் அதைக் கிழிக்கலாம்.

சனிக்கிழமை காலை சந்தை மரத்தில், விட்டோமிருக்குப் பக்கத்தில், இன்னொரு கறுப்புக் கட்டம் தொங்கியது. படத்தில் ஸ்டாமெனா. ‘ஆறாத் துயரில்: தம்பி ராடோயே.’ அதன் கீழேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அவள். இன்னொன்றைத் தம்பி வேலை பார்க்கும் நகரசபைப் பட்டறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்திருந்தாள்.

போஷானா தாளைப் பார்த்தாள், சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள், அப்புறம் ஆளைப் பார்த்தாள். “அய்யய்யோ!”

“என்ன அய்யய்யோ? மரத்துல ஒட்டியிருக்கே, பொய்யா இருக்குமா? அழு!”

கூட்டம் கூடிவிட்டது. அதைப் பிளந்துகொண்டு ராடோயே ஓடி வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

“அடிப்பாவி! உயிரோடதான் இருக்கியா?”

“விட்டோமிரும் இப்படித்தான்டா இருக்காரு.”

அவன் மூச்சு வாங்கினான். அவள் கோட்டுக் கையைத் தொட்டுப் பார்த்தான். சந்தை வாசலில் அவனுடைய மேலதிகாரி நின்று கவனித்துக்கொண்டிருந்ததும் அவன் கண்ணில் பட்டது.

“டாக்டர் தாளை நான்தான் ஊரெல்லாம் ஒட்டினேன்,” என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. “ஆபீஸ்ல கட்டாக் கொடுத்தாங்க. நிஜம்னு நெனச்சு ஒட்டினேன்.”

விட்டோமிரின் தாளை அவன் கிழித்தபோது சந்தையே பதறியது. அடுத்த கம்பத்தில் இருந்த விட்டோமிர் தாளைப் போஷானா கிழித்தாள். அப்புறம் யார் யாரோ. ஸ்டாமெனா தன் தாளைக் கிழிக்கக் கையைத் தூக்கினாள். ராடோயே அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

“அது இருக்கட்டும். செத்தேன்னு சொல்லி என்னைத் தெருவுல அழ வெச்ச. இனி எனக்கு வேலையும் இல்ல, அக்காவும் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சாவடி வரிசை தெருமுனைவரை நீண்டது. ராடோயே அவளுக்கு நேர் முன்னால் நின்றான். உள்ளே போகும்வரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.