நஜ்மியே கையில ஒட்டுன பிசின்

நஜ்மியே யாருன்னு எங்க ரோதோபி மலையில கழுதையக் கேட்டாலும் சொல்லும். அவ தோட்டத்துல நின்னு ரசாயனப் பாடத்தச் சத்தமா ஒப்பிச்சு ஒப்பிச்சு, பக்கத்து வீட்டுக் கழுதையே பத்தாவது பாஸாகியிருக்கும். பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போகத்தான் ஆளில்ல.

அவ அப்பன் ஷுக்ரி ஈயச் சுரங்கத்துல நெஞ்சுல தூசி அடைச்சுச் செத்தான். அப்புறம் சுரங்கமும் செத்துச்சு. மிஞ்சுனது அம்மா ஹத்திஜேயும், கைக்குட்டை அகலத்துல ஒரு புகையிலைத் தோட்டமும். விடியுறதுக்குள்ள இலை கிள்ளணும், அன்னைக்கே ஊசியில கோர்த்துக் காயப் போடணும். விட்டா சாக்குக்குள்ளயே வெந்துரும். அதனால எங்க ஊர்ல கை சும்மாவே இருக்காது. கல்யாண வீட்டுலயும் கோர்ப்போம், எழவு வீட்டுலயும் கோர்ப்போம். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவுல ஒரு சரம் முடிச்சுட்டுப் புள்ள பெத்தவளும் உண்டு.

டாக்டருக்குப் படிக்கணும்னா ப்ளோவ்திவ் டவுனுக்குப் போய்ப் பரீட்சை எழுதணும். அதுவும் ஜூலையில, இலை பழுத்துத் தொங்குறப்ப. இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான். மேல ஊரு ஆட்டுக்காரனோட அம்மா பொண்ணு கேட்டு வாசல்லயே குடியிருந்தா.

பஸ் ஓட்டினது நான்தான். பரீட்சை அன்னைக்கு இலை கிள்ளி முடிச்சதும் ஹத்திஜே பச்சைத் தக்காளிய நசுக்கி மக கையில தேய்ச்சா பாருங்க, ஒட்டியிருந்த இலைப் பிசின் மட்டுமா போச்சு, கைரேகையே போயிருக்கும். பளபளன்னு கைய வச்சுக்கிட்டு பஸ் ஏறுனா பொண்ணு. பின்னாடியே அம்மா, முதுகுல இலைச் சாக்கோட.

"ஏம்மா ஹத்திஜே, பரீட்சைய இலையிலயா எழுதப் போறாங்க?"

"இலை கெட்டா பனிக்காலத்துக்கு நீயா ரொட்டி போடுவ? ரோட்டப் பாத்து ஓட்டுண்ணே."

அம்மா கோர்க்க ஆரம்பிச்சா. பொண்ணு ஜன்னலப் பாத்து ஒப்பிச்சுக்கிட்டே வந்தா. அவ கை அது பாட்டுக்குப் போய் ஒரு ஊசிய எடுத்துச்சு. கண்ணாடியில நானும் பாத்தேன், பஸ்ஸே பாத்துச்சு. பாதி பஸ் கூடச் சேர்ந்து கோர்த்துச்சு. எங்க கண்ணுக்கு அது தப்பாவே படல.

எறங்குறப்பதான் பாத்தோம். பொண்ணோட பத்து விரலும் தார் ட்ரம்முல முக்குன மாதிரி.

"அல்லாவே! ஏன்டி தொட்ட?"

"நீ ஏம்மா கொண்டு வந்த?"

பச்சைத் தக்காளி தேடிச் சந்தை பூரா ஓடுனேன். எல்லாத் தக்காளியும் சிவப்பு! டவுன்காரனுக்குப் பச்சை ஆகாதாம். சோப்புப் போட்டா பிசின் இன்னும் நல்லா சிரிச்சுது. அதுக்குள்ள மணி அடிச்சுட்டான்.

உள்ள நடந்தத அவளே பின்னால சொன்னா. யாரு எழுதுனதுன்னு திருத்துறவங்களுக்குத் தெரியாம இருக்கத் தாள்ல பேரு இருக்கக் கூடாது, ஒரு கறை இருந்தாலும் அடையாளம் வச்சதாக் கணக்கு. பாதி நேரம் போனப்பறம் மேற்பார்வைக்கு வந்த டீச்சரம்மா தாள் ஓரத்துல மஞ்சளாப் பெருவிரல் ரேகையப் பாத்துட்டாங்க.

"என்னம்மா இது?"

"புகையிலைங்க. எங்க வேலை அது."

"எதுவா இருந்தா என்ன, இது செல்லாது. வேற தாள் தரேன், முதல்ல இருந்து எழுது. நேரம் கூட்டித் தர மாட்டோம்."

வீட்டு வாசலத் தாண்டித் தலைத்துணிய எடுக்காத பொண்ணு. அத்தன பேருக்கு நடுவுல அவுத்துக் கையில சுத்திக்கிட்டா. அழுகை முட்டுது, ஆனா அழ முடியாது. சொட்டு விழுந்தா அதுவும் கறைதான். முகத்த அந்தாண்ட திருப்பிக்கிட்டே எழுதியிருக்கா.

வெளிய வந்து, "கடைசிக் கேள்வி போச்சும்மா"ன்னா.

ஹத்திஜே சாக்கத் தூக்கி நடுரோட்டுல கவுத்துட்டா. கோவேறு கழுதை குளம்புக்கடியில விழுந்த இலையக்கூட எடுக்கிறவ அவ!

நஜ்மியே மண்டி போட்டுப் பொறுக்குனா. "பைத்தியமாம்மா உனக்கு? தோத்தா எனக்கு இதுதான். ஜெயிச்சா மட்டும் இத விக்காம அங்க எதத் தின்னு படிப்பேன்?"

 நானும் குனிஞ்சு பொறுக்குனேன்.

ஆகஸ்ட்ல மளிகைக் கடைக்கு போன் வந்துச்சு. எடம் கெடச்சிருச்சு, மயிரிழையில. ஆடெல்லாம் பால் வத்திப்போற அளவுக்குக் கத்திக்கிட்டே தோட்டத்துக்கு ஓடுனேன். பொண்ணு குதிப்பான்னு பாத்தேன். அவ அம்மாவப் பாத்தா. ஹத்திஜேயோட குனிஞ்ச முதுகு நிமிரவே இல்ல.

"எனக்குக் காது இருக்குண்ணே, எதுக்குக் கத்துற?" அப்படியே வரிசைக்கு நடுவுல உக்காந்துட்டா. "நாளைக்கு அந்த வரிசைய யாரு கிள்ளுவா?"

"அம்மா, நான் வேணா ஒரு வருசம்..."

"செருப்பு பிஞ்சிரும்! போய்த் தொலை. இனி இந்த மண்ணுல உன்ன நான் பாக்கக் கூடாது."

வாய்தான் போ போன்னுச்சு. பொண்ணு கணுக்கால ரெண்டு கையாலயும் புடிச்ச புடிய அவ விடவே இல்ல.