ஷேப் பண்ணிய கை

ஷேப் என்றால் வடிவம். பள்ளிக்கூடத்தில் வட்டமும் சதுரமும் வரையச் சொல்லி அப்படித்தான் படிப்பித்தார்கள். எங்கள் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அந்த அர்த்தத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சிங்களவர் வாயில் புகுந்து எங்கள் வாய்க்கு வந்து சேர்வதற்குள் அது வேறு ஆளாகிவிட்டது. ரம்புக்கனை பஸ்ஸில் இருவர் இருக்கும் சீட்டில் மூன்றாவது ஆளைத் திணித்துவிட்டு, "ஷேப் எகே இன்ன" என்பான் கண்டக்டர். வாயை மூடிக்கொண்டு ஒடுங்கி உட்கார் என்று அர்த்தம். கங்காணி கண்ணில் படாமல் வேலையிலிருந்து நழுவினால் ஷேப்பாகப் போய்விட்டான் என்போம். தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்தால், "ஷேப் பண்ணுவோம்" என்பார் தோட்டத்தை நடத்தும் துரை. ஒரு மண்ணும் செய்யமாட்டார்.

எல்லாவற்றிலும் கேடுகெட்டது எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் சொல்லும் ஷேப். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் என்ன சண்டை வந்தாலும் கோயில் முன்னால் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். யார் அடித்தது, யாருக்கு அடி விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத பேச்சு. கடைசியில் எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டி, பிஸ்கட். "சரி, ஷேப் பண்ணிக்கிட்டு போங்க" என்பார். அவ்வளவுதான் நீதி.

அக்காவின் கையை அவள் புருஷன் முறித்த அன்றும் அப்படித்தான். குடித்துவிட்டு வந்து விறகுக் கட்டையால் அடித்திருந்தான். வலது மணிக்கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போக நான் ஆட்டோவைக்கூட வரவழைத்துவிட்டேன். தலைவர் அதற்குக் குறுக்கே வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ்ல விசாரிப்பாங்கம்மா. தோட்டத்துக்கே மானக்கேடு. நம்ம வெதமாத்தயாகிட்ட காட்டி ஷேப் பண்ணிக்கலாம்."

"ஒடஞ்சது கைங்க தலைவரே. மானமில்ல."

"நீ சும்மா இரும்மா. வாழப்போறது அவ."

அம்மாவும் அழுதுகொண்டே அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். ஆட்டோ நாட்டு வைத்தியர் வீட்டுக்குப் போனது. அந்த மனுசன் பாவம், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்காமல் கட்டமுடியாது என்றுதான் சொன்னார். தலைவர் கெஞ்சிக் கூத்தாடி அவரையும் ஷேப் பண்ணினார்.

கட்டை அவிழ்த்தபோது மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கோணி நின்றது. பால் வெட்டும் கத்தியை மரத்தைச் சுற்றி இழுக்க மணிக்கட்டு மடங்க வேண்டும். அவளுக்கு மடங்கவில்லை. கத்தி ஆழமாக இறங்கிப் பட்டையில் காயம் போட்டது. மரத்துக்குக் காயம் பட்டால் தோட்டத்துக்குப் பொறுக்காது. நன்றாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தவளை ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கப் போட்டார்கள். தலைவரோ, பிரிய இருந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்தது தான்தான் என்று கல்யாண வீடுகளில் சொல்லித் திரிந்தார். எனக்கு அவர் முகத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் அக்காவின் புருஷன் மறுபடியும் கை நீட்டினான். இந்தமுறை நெற்றியில். அக்கா துவாயால் பொத்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். அவள் அழாதது எனக்குப் பயமாக இருந்தது.

"பொலிசுக்குப் போறேன். வாறியா?" என்றாள்.

தலைவரின் வாசலைக் கடந்துதான் ரோட்டுக்கு இறங்க வேண்டும். "எங்கம்மா கெளம்பிட்டீங்க? பேசி ஷேப் பண்ணிக்..." என்று எழுந்து வந்தார். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. முதல்தடவையாக அவர் வாய் பாதியில் நின்றதைப் பார்த்து எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

அந்தக் குளிர்ச்சி பொலிஸ் மேசை வரைதான். அதன் பின்னால் இருந்த பொலிஸ்காரர் பேனையைத் திறக்கவே இல்லை. நெற்றியை ஒரு பார்வை பார்த்தார். "கெதர பிரஸ்னயக் நே. ஷேப் கரகன்ன" என்றார். வீட்டுப் பிரச்சினைதானே, ஷேப் பண்ணிக்கொள் என்கிறார். எங்கள் தலைவருக்குக் காக்கிச் சட்டையில் ஒரு தம்பி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அக்கா வலது கையைத் தூக்கி அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். கோணிய மணிக்கட்டு பலகையில் படியாமல் சாய்ந்து கிடந்தது. குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் சொன்னாள்:

"ராலஹாமி, போன தடவை ஷேப் பண்ணினது இது."

அவர் கையைப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து, புருஷனின் பெயரைக் கேட்டார்.